இரண்டு பெட்டிக்கு ஒரே எண்

அர்கிரோவுக்கு வாய்க்கு முன்னால் கை போய்விடும். எங்கள் மலையில் இது தெரியாதவர்கள் கிடையாது. கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் ஒரு அறை விட்டான். அவள் பாலாடைக்கட்டி கிண்டும் மரக்கட்டையை எடுத்து அவன் மணிக்கட்டை உடைத்து, உடைந்த கையோடு ஹெராக்லியோன் நகரத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அவன் திரும்பி வரவில்லை, அவளும் தேடவில்லை. நகராட்சியில் வரிக் கவுண்டரில் எவனாவது மேசையைத் தட்டினால் தலைவர் போலீஸைக் கூப்பிடமாட்டார். அர்கிரோவைத்தான் கூப்பிடுவார். போலீஸ் வந்தால் எழுதிக்கொண்டு போவார்கள், அர்கிரோ வந்தால் வேலை முடிந்துவிடும்.

ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவள். பனிக்காலத்தில் இலவசமாக நடத்திய கணினி வகுப்புக்கு அடுப்புச் சூட்டுக்காகத்தான் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. குடிநீர் இணைப்பு, கடை உரிமம், மேய்ச்சல் நிலம், கல்லறை என்று ஊரின் மொத்தக் குடலும் இன்றைக்கு நகராட்சியில் அவள் கணினிக்குள் கிடக்கிறது. அதில் அவள் சொன்னதுதான் சட்டம். எதிர்த்துக் கேட்டால் கெட்ட வார்த்தை வரும், அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டேப்ளர் பறந்து வரும். "தப்பு என்னுது" என்று அவள் சொல்லி ஒரு ஜீவனும் கேட்டதில்லை.

பாறை ஊர் என்பதால் செத்தவனுக்கும் இங்கே நிரந்தர இடம் கிடையாது. மூன்று வருடம் மண்ணுக்குள் இருக்கலாம். பிறகு தோண்டி எடுத்து, எலும்பை ஒயினில் கழுவி, வால்நட் பெட்டியில் அடுக்கி, எலும்பு மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவோம். பெட்டிக்கு ஒரு எண்ணைக் கணினி கொடுக்கும். கல்லறைத் தோட்டத்துக் கனாகிஸ் அதை அச்சடித்து ஒட்டுவான். பெயர்த் தகடு ரெதிம்னோ நகரத்தில் செதுக்கி வரவேண்டும். அதுவரை எண்தான் அந்த எலும்புக்குப் பெயர்.

மவ்ராகிஸ் வீட்டு யானுலிஸும் சிகானோஸ் வீட்டு பான்டெலிஸும் ஒரே நாளில் செத்தவர்கள். ஒரு ஞானஸ்நான விருந்தில் காணாமல் போன ஆடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. யானுலிஸ் கத்தியைப் பான்டெலிஸின் அடிவயிற்றில் இறக்கினான். இறங்கிய கத்தியோடு பான்டெலிஸ் அவன் நெஞ்சில் சுட்டான். வறுத்த கறி ஆறுவதற்குள் இரண்டு பேரும் ஆறிப்போனார்கள். ஆளுக்கு ஒரு பிணம் என்று சமமாகிவிட்டதால்தான் இரண்டு குடும்பமும் அதோடு நிறுத்தியது. ஆனால் இரண்டு வீட்டிலும் இன்னும் ஆண்பிள்ளைகள் இருந்தார்கள், எல்லார் கட்டிலுக்கடியிலும் துப்பாக்கி இருந்தது.

மூன்று வருடம் முடிந்து இரண்டு குழியையும் தோண்ட வேண்டிய நாள் ஒன்றாகவே வந்தது. தலைவர் யோசித்து ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் மவ்ராகிஸ் வீட்டார் வந்து எடுத்துவிட்டுப் போய்விட வேண்டும், மாலையில் சிகானோஸ் வீட்டார். நடுவே கல்லறைத் தோட்டத்து வாசலில் போலீஸ் ஜீப் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். உயிரோடு இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

அன்று காலை அர்கிரோ வேறு ஒரு சில்லறை வேலையில் இருந்தாள். பக்கத்து ஊராட்சியை எங்களோடு இணைத்திருந்தார்கள், கணினிக்குள் கண்ட இடத்திலெல்லாம் பழைய பெயரை மாற்ற வேண்டும். பெட்டி எண்களைக் கொடுக்க தரவுத்தளத்துக்குள் ஒரு எண்ணி உண்டு. கேட்டவனுக்கு அடுத்த எண்ணைத் தருவதைத் தவிர அதற்கு வேறு பிழைப்பு கிடையாது. அதன் விளக்கக் குறிப்பிலும் பழைய பெயர் இருந்தது. ஒரு வரிக் கட்டளை அடித்து மாற்றியிருக்கலாம். படமும் பொத்தானுமாக ஒரு மென்பொருள் கையில் இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்? எண்ணியின் மேல் கிளிக் செய்தாள், திரையில் ஒரு ஜன்னல் திறந்தது, விளக்கக் கட்டத்தில் புதுப் பெயரை அடித்தாள். மேலே இன்னொரு கட்டத்தில் கடைசியாகக் கொடுத்த எண் 2215 என்று நின்றது. அதை அவள் தொடவே இல்லை.

சேமிக்கப் போகும்போது வெளியே கண்ணாடி உடைந்தது. ஆலிவ் ஆலைக்காரன் ஒருவன் நாற்காலியைத் தூக்கிக் கவுண்டர் மேல் எறிந்திருந்தான். அர்கிரோ போய் அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, முகத்தைச் சுவரில் இரண்டு முறை தேய்த்து, படிக்கட்டில் உருட்டிவிட்டாள். பிறகு அவன் மச்சான் வந்தான், அவனோடு ஒரு சுற்று. திரையில் திறந்த ஜன்னல் திறந்தபடியே கிடந்தது. அதற்குள் கல்லறைத் தோட்டத்துக் கணினியிலிருந்து யானுலிஸ் பெட்டிக்கு எண் கேட்டான் கனாகிஸ். எண்ணி 2216 கொடுத்தது.

மதியத்துக்கு மேல் வீங்கின கைமுட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த அர்கிரோ, ஜன்னலைப் பார்த்தாள், சேமி என்ற பொத்தானை அழுத்தினாள். மென்பொருள் விளக்கத்தை மட்டும் எழுதவில்லை. ஜன்னலில் தெரிந்த எல்லாக் கட்டங்களையும் எழுதியது. காலையில் பார்த்து வைத்திருந்த 2215ஐயும் சேர்த்து எழுதியது. எண்ணி சத்தமில்லாமல் ஓர் எண் பின்னால் போய் நின்றது. ஒரே எண் இரண்டு முறை வந்தால் தடுக்கிற பூட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். பழைய பதிவுகளை ஏற்றும்போது இடைஞ்சல் செய்தது என்று அதையும் முன்பே கழற்றிப் போட்டவள் அர்கிரோதான். மாலையில் பான்டெலிஸ் பெட்டிக்கும் 2216 வந்தது.

கனாகிஸ் ஃபோன் செய்தான்.

"அர்கிரோ, ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் வந்திருக்கு. ரெண்டாயிரத்து இருநூத்திப் பதினாறு."

"எத்தனை கிளாஸ் உள்ள போச்சு?"

"ரெண்டு. எலும்பு கழுவுற நாள்ல ராக்கிச் சாராயம் குடிக்காம எப்படி நிக்கிறது? ஆனா கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"மெஷின் ராக்கி குடிக்காது, நீதான் குடிப்ப. வை ஃபோனை. இன்னொரு வாட்டி கூப்பிட்டா அங்க வந்து பல்லைக் கழட்டுவேன்."

வைத்துவிட்டான். அவளிடம் திரும்பக் கேட்கிற தைரியம் இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? தகடு வந்ததும் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டியை எந்தத் தட்டில் வைத்தோம் என்று தலையைச் சொறிந்து பார்த்து, குத்துமதிப்பாக அடித்துவிட்டான். மாற்றி அடித்துவிட்டான்.

சிகானோஸ் வீட்டார் தங்கள் பெட்டியை உடனே எடுத்துப் போய் வீட்டு முற்றத்துச் சிற்றாலயத்தில் வைத்துக்கொண்டார்கள். மவ்ராகிஸ் வீட்டார் மலைக்கு மேலே இருக்கும் மேலூரில் பளிங்குக் கல்லறை கட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். வேலை முடிந்த அன்று பாதிரியார் வந்தார், சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். யானுலிஸின் அம்மா எர்கினா கடைசியாக ஒரு முறை மகனுக்கு ஒயின் ஊற்ற வேண்டும் என்று மூடியைத் திறந்தாள். மண்டையோட்டை எடுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் தொடையெலும்பைத் தேடினாள். மோட்டார் சைக்கிளில் விழுந்தபோது யானுலிஸ் தொடையில் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். கம்பி இல்லை. மண்டையோட்டைத் திருப்பினாள். மேல் வரிசையில் தங்கப் பல் மின்னியது. பான்டெலிஸின் தங்கப் பல்லை இந்த மலையில் அறியாதவர்கள் யார்?

எர்கினா வாயை மண்ணில் தேய்த்தாள். உதடு கிழிந்து ரத்தம் வரும்வரை தேய்த்தாள். அவளுடைய இளைய மகன் சீஃபிஸ் பெட்டியைப் பிடுங்கிப் பாறைமேல் கவிழ்த்தான். துப்பாக்கியின் கட்டையால் எலும்புகளை இடித்தான். இடித்தும் ஆத்திரம் அடங்காமல் மண்டையோட்டை ஒரு கல்மேல் வைத்துச் சுட்டான். பாதிரியார் சிலுவைக் குறி போட்டுக்கொண்டே ஓடினார்.

கனாகிஸின் அம்மா சிகானோஸ் வீட்டுப் பெண். அவன் வேண்டுமென்றே மாற்றினான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேறு வேண்டுமா? சீஃபிஸும் இரண்டு சித்தப்பா பிள்ளைகளும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து அவன் மண்வெட்டியாலேயே அவனை அடித்தார்கள். விலா எலும்பு நொறுங்கியது. பிறகு காலில் கயிறு கட்டி, பிக்கப் வண்டிக்குப் பின்னால் போட்டு, நகராட்சி வாசல்வரை மெதுவாக இழுத்து வந்தார்கள். முதுகில் தோலே இல்லை. காபிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜீப்பில் வந்த போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் உதவிக்கு ஆள் கேட்டு ஃபோன் செய்துவிட்டு, ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

அர்கிரோவின் மேசைக்கு முன்னால் கனாகிஸைக் கொண்டுவந்து போட்டான் சீஃபிஸ். எர்கினா வாசலை மறித்து நின்றாள். முகவாயெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது.

"இவன் ரெண்டுக்கும் ஒரே நம்பர் வந்துச்சுங்கிறான். நீ சொல்லு அக்கா. வந்துச்சா இல்லையா? இல்லைன்னா இப்பவே முடிச்சிடறேன்" என்றான் சீஃபிஸ். துப்பாக்கி முனை கனாகிஸின் காதுக்குள் இருந்தது.

அர்கிரோ திரையில் தேடினாள். இரண்டு வரிகள், ஒரே எண், காலை ஒன்று, மாலை ஒன்று. அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வீங்கின முட்டியும் ஐஸும், திறந்தபடி விட்டுப்போய் மதியம் சேமித்த ஜன்னலும், ஃபோனில் கத்தியதும் வந்தது. ஒரு வரியை அழித்துவிட்டு இல்லை என்று சொன்னால் அவளுக்கு ஒன்றுமே ஆகாது. மெஷின் ராக்கி குடிக்காது என்று இதே வாய்தானே சொன்னது? கீழே கிடந்தவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் உண்மையைச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"வந்துச்சு. தப்பு என்னுது. ஊர்ப் பேரை மாத்தும்போது நம்பர் ஒண்ணு பின்னால போயிடுச்சு. இவன் அன்னிக்கே கேட்டான், நான்தான் திட்டி வச்சேன்."

"பொம்பளை மனசு இளகிடுச்சு" என்று காறித் துப்பினான் சீஃபிஸ். கனாகிஸின் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினான். விரல் உடைந்த சத்தம் கேட்டது, கனாகிஸ் அலறினான். "ஒரு ஊர்ப் பேரை மாத்தினா எலும்பு மாறுமா? யார் காதுல பூ சுத்தற?"

"நிறுத்துடா நாயே! காட்டறேன். கண்ணால பாரு, அப்புறம் யாரைச் சுடணுமோ சுடு."

எண்ணியின் ஜன்னலைத் திறந்தாள். கடைசி எண் 2304 என்றிருந்தது. ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்து மேசைக் கணினியில் சீஃபிஸை உட்கார வைத்தாள். "சும்மா ஒரு பேரை அடி. நம்பர் கேளு."

அவன் தன் பெயரையே அடித்தான். 2305 வந்தது.

"இப்ப இங்க பாரு. நம்பரை நான் தொடல. விளக்கத்துல ஒரு புள்ளி வைக்கிறேன். அவ்வளவுதான்." சேமி பொத்தானை அழுத்தினாள். "இன்னொரு பேரை அடி."

அவன் அடித்தான். திரையில் மறுபடியும் 2305 வந்தது. இரண்டு பெயர், ஒரே எண். சீஃபிஸ் திரையை விரலால் தொட்டுப் பார்த்தான். துப்பாக்கி தானாகத் தாழ்ந்தது.

"அப்போ யாரும் திட்டம் போட்டுப் பண்ணலையா?" என்றான். கேட்டவன் முகத்தில் நிம்மதி இல்லை. அடிக்க ஆள் இல்லாமல் போனவன் முகம் அது.

எர்கினா உள்ளே வந்தாள். "எந்தக் கையால அழுத்தின?"

அர்கிரோ வலது கையை மேசைமேல் வைத்தாள். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை வேற்றுப் பெண்மேல் கை வைத்தால் அவன் மீசைக்கு மரியாதை இல்லை. ஒரு பெண் வைக்கலாம். எர்கினா மேசையில் காகிதத்துக்குப் பாரமாக வைத்திருந்த பளிங்குக் கல்லை எடுத்து அந்த விரல்கள்மேல் இறக்கினாள். மறுபடி தூக்கி, மறுபடி இறக்கினாள். புருஷன் மணிக்கட்டை உடைத்த அந்த அர்கிரோ பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுக்காமல் நின்றாள். மூன்று விரல் கூழானது. எர்கினா கல்லைக் கீழே போட்டாள்.

"அப்போ என் பிள்ளை அந்த வீட்டுல இருக்கான்" என்றாள்.

சீஃபிஸ் உடனே துப்பாக்கியைத் தூக்கினான். "வாங்கடா, போயி எடுத்துட்டு வரலாம்."

"போ, போ" என்றாள் அர்கிரோ. வலியில் குரல் கிழிந்தது. "நாலு பேரைச் சாய்ச்சிட்டு வா. அவங்க உன் வீட்டுல நாலு பேரைச் சாய்க்கட்டும். எட்டுப் பெட்டிக்கும் நானே நம்பர் தர்றேன். அவங்க வீட்டுப் பையன் எலும்பை நீ என்ன பண்ணி வச்சிருக்கேன்னு முதல்ல யோசிச்சியா?"

அவன் யோசிக்கவில்லை என்பது அவன் கண்ணிலேயே தெரிந்தது. எர்கினா மகனை ஓங்கி ஒரு அறை அறைந்தாள். "இவனைத் தூக்கி வண்டியில போடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இவன் செத்தா உன்னை நானே போலீஸ்ல குடுப்பேன்." பிறகு அர்கிரோவைப் பார்த்தாள். "நீ என்னோட வா."

போகிற வழியில் மேலூருக்குப் போய், பாறைமேல் கிடந்ததை எல்லாம் எர்கினா கையால் கூட்டி அள்ளி ஒரு மாவு மூட்டையில் கட்டினாள். பாதி எலும்பாக இருந்தது, பாதி பொடியாக இருந்தது. அர்கிரோ துண்டில் சுற்றிய கையோடு பக்கத்தில் குந்தி, இடது கையால் புல்லுக்குள் தேடிக் கொடுத்தாள்.

சிகானோஸ் வீட்டில் ஆண்பிள்ளைகள் பால் கறக்க மலைக்குப் போயிருந்த நேரம். பான்டெலிஸின் அம்மா சஃபீரா கதவைத் திறந்தாள். எர்கினாவைப் பார்த்தாள். கதவைச் சாத்தவுமில்லை, கத்தவுமில்லை.

"இவ்வளவு நாள் ஆச்சா உனக்கு?" என்றாள்.

முற்றத்துச் சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போனாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டி மேல் தூசு இல்லை. மூடியைத் திறந்தாள். எலும்புகள் வெள்ளைத் துணியில் ஒழுங்காகக் கிடந்தன, மேலே பச்சைத் துளசி இருந்தது. தொடையெலும்பில் இரும்புக் கம்பி தெரிந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் எர்கினா.

"கொண்டுவந்த வாரமே தெரியும். துளசி வைக்கத் திறந்தேன். என் பிள்ளைக்கு ஏது இரும்பு? வாயைத் திறந்திருந்தா அன்னிக்கே என் மத்த ரெண்டு பிள்ளையும் துப்பாக்கி தூக்கிட்டு உன் வீட்டுக்கு வந்திருப்பானுங்க. அதான் மூடிட்டேன். தினம் இவனைத் திட்டுவேன், நாசமாப் போடான்னு சாபம் விடுவேன். அப்புறம் எண்ணெய் ஊத்துவேன். அங்க என் பிள்ளைக்கு நீயும் அதையே செய்வேன்னு நினைச்சேன்." சஃபீரா நிமிர்ந்தாள். "என் பிள்ளை எங்க?"

எர்கினா மூட்டையைத் தூக்கவில்லை. தூக்க முடியவில்லை. அது அவள் காலடியில் சரிந்து கலகலத்தது. சஃபீரா குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். கையை உள்ளே விட்டாள். விட்ட கை வெளியே வர வெகுநேரம் ஆனது.

எழுந்து எர்கினாவை அடித்தாள். திறந்த கையால் முதல் அடி, மூடின கையால் இரண்டாவது. கிழிந்த உதடு மறுபடி கிழிந்தது. தலைத்துணி அவிழ்ந்து விழுந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். எர்கினா கையைத் தூக்கவே இல்லை. "தப்பு என்னுது, ரெண்டு பெட்டிக்கும் ஒரே நம்பர் வர வச்சது நான்தான்" என்று அர்கிரோ தடுக்கப் போனாள். "நீ தள்ளி நில்லு, உன் கதை வேற" என்று சஃபீரா அவளையும் எட்டி உதைத்தாள். இடுப்பில் விழுந்த உதையோடு அர்கிரோ சுவரோரம் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவளுக்குக் கோபம் வராததைக் கண்டு அவளுக்கே பயமாக இருந்தது.

மூச்சு வாங்க நின்றாள் சஃபீரா. வெளியே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலைப் பாதையை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு யானுலிஸின் எலும்புகளைத் துணியோடு அலுங்காமல் எடுத்து எர்கினாவின் கையில் வைத்தாள். காலிப் பெட்டியைத் தரையில் இழுத்துப் போட்டாள்.

"கிட்ட வந்து உக்காருங்க. பசங்க வர்றதுக்குள்ள என் பிள்ளையை அடுக்கணும்."

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். பெரிய துண்டுகளை அடியில் வைத்தார்கள், சின்னதை மேலே வைத்தார்கள். பொடியைச் சஃபீரா தன் தலைத்துணியில் கட்டி மூலையில் வைத்தாள். எர்கினா அழுதுகொண்டே கொடுத்தாள், சஃபீரா அழாமல் வாங்கினாள். அர்கிரோவின் துண்டிலிருந்து சொட்டிய ரத்தத்தை யாரும் துடைக்கவில்லை.

சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. சஃபீரா மூடியை அழுத்திச் சாத்தி, அதன்மேல் துளசியைப் போட்டாள். எர்கினா மடியில் இருந்த மகனின் எலும்புகளைக் காலி மூட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனாள். அவள் போகும்வரை பார்த்திருந்த சஃபீரா அர்கிரோவிடம் திரும்பினாள்.

"எங்கிட்ட உண்மை சொல்ல வந்த. சொல்லிட்ட. அது என்னோட போகட்டும். என் பிள்ளைங்க உன் கையைப் பார்ப்பானுங்க, கேப்பானுங்க."

சஃபீராவின் மூத்த மகன் தோளில் பால் தூக்குகளும் துப்பாக்கியுமாக உள்ளே வந்தான். பெட்டியைப் பார்த்துச் சிலுவைக் குறி போட்டு, குனிந்து மூடியில் முத்தமிட்டான். பிறகு அர்கிரோவைப் பார்த்தான்.

"என்னக்கா இது, கையில இவ்வளவு ரத்தம்? யாரு?"

"யாரும் இல்ல தம்பி" என்றாள் அர்கிரோ. "கார்க் கதவுல மாட்டிக்கிச்சு."